தார்ப்பாய்க்காரன் தைத்த போர்வை

மல்லசமுத்திரம்,
ஐப்பசி, மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை.

அன்புத் தங்கை மலர்விழிக்கு,

இங்கே நான், உன் அண்ணி ராசம்மாள், மகள் யுவஸ்ரீ, என் தார்ப்பாய்க் கடை, கடைவாசலில் வேலைக்கு நிற்கும் லாரிகள் எல்லாரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைக் கேட்கக் கூடாது என்று நீ உத்தரவு போட்டிருப்பதால் கேட்கவில்லை. நீயாகச் சொன்னால் காதைப் பொத்திக்கொள்ள மாட்டேன் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் செய்தால் மாப்பிள்ளை குமரகுருதான் எடுக்கிறார். "நல்லாருக்காங்க மச்சான், தூங்கறாங்க" என்கிறார். எந்நேரம் கூப்பிட்டாலும் நீ தூங்குவதாகக் கேள்விப்பட்டு, அயர்லாந்தில் நர்சு வேலை இவ்வளவு சுகமானதா, யுவஸ்ரீயையும் அதற்கே படிக்கவைத்திருக்கலாமே என்று உன் அண்ணி வருத்தப்பட்டாள். நீ தூங்கவில்லை, பேசப் பிடிக்காமல் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். கடிதத்தில் ஒரு சௌகரியம். படிக்கிறவர் பதில் பேச வேண்டியதில்லை. முகத்தை எப்படி வைத்துக்கொண்டு படித்தாலும் எழுதினவனுக்குத் தெரியாது.

மாப்பிள்ளை மூலம் நீ சொல்லி அனுப்பியது வந்து சேர்ந்தது. ஆறாம் மாதம் நடக்கிறது. யாரும் எதுவும் வாங்கக் கூடாது, தைக்கக் கூடாது, அனுப்பக் கூடாது, பெயர் யோசிக்கக் கூடாது, வளைகாப்பு என்ற சொல்லே யார் வாயிலும் வரக் கூடாது. சரி அம்மிணி. இரண்டு முறை கைக்கு வராமலே போனதற்குப் பிறகு நீ இதைச் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? போன தடவை நாங்கள் அனுப்பிய பெட்டி எந்த வாரத்தில் உன் வாசலில் வந்து இறங்கியது என்பது இங்கே யாருக்கும் மறக்கவில்லை. அந்தச் சின்னச் சட்டைகளை மடிப்புக் கலையாமல் எடுத்துக்கொண்டு போய், அந்த ஊர்ச் சர்ச் வாசலில் வைத்துவிட்டு நீ நடந்தே வீடு திரும்பியதாக மாப்பிள்ளை சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் பிள்ளைத் துணி விற்கிற கடையைத் தாண்டும்போதுகூட எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டுதான் போகிறோம். ஆகவே எதுவும் வாங்கவில்லை. இது சத்தியம்.

தைக்கவில்லை என்று மட்டும் சத்தியம் செய்ய முடியாது. உன்னிடம் மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு சங்கதியை என் வாய்க்குள் வைப்பதும் கோயில் மைக்கில் சொல்வதும் ஒன்று என்று உன் அண்ணி அபிப்பிராயப்படுவதால், நானே எழுதிவிடுகிறேன்.

யோசனை அவளுடையது. நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, உனக்கும் தெரிந்திருக்கும். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்தது வரும்போது புதுத்துணி காட்ட மாட்டார்கள். நாலு வீட்டுக்குப் போய், அவர்கள் உடுத்திப் பழசான துணியைக் கேட்டு வாங்கி, அதில்தான் ஏந்துவார்கள். இது எங்கள் வீட்டுச் செல்வம் இல்லை, ஊரார் வீட்டுப் பிள்ளை என்று காட்டிக்கொள்வதற்காம். யாரிடம் அப்படிக் காட்டிக்கொள்கிறோம் என்று எனக்குத் தெரியாது. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று நீ சொல்வாய். நானும் அதைத்தான் சொன்னேன்.

"நம்பிக்கையோ என்னமோ, பையை எடுத்துக்கிட்டுப் பொறப்படுங்க. அந்தப்புள்ள வாங்கக் கூடாதுன்னுதான சொல்லுச்சு? கேட்டு வாரது வாங்கறதில்லீங்க. அத்தனையும் ஒண்ணாச் சேத்து ஒரு ஒட்டுப் போர்வை தைங்க. கேக்கறதும் தைக்கறதும் கூடப் பொறந்தவனா இருக்கோணும்" என்றாள். நான் தைக்கிறது தார்ப்பாய், லாரிக்குப் போர்த்துகிற சரக்கு, அது வேறு ஊசி, வேறு நூல், வேறு கை என்று எடுத்துச் சொன்னேன். "எதுவா இருந்தா என்னுங்க, மூடறது ஒண்ணுதான?" என்று முடித்துவிட்டாள். மூடநம்பிக்கை என்று சொன்ன அதே வாயோடு மறுநாள் காலை தெருவில் இறங்கினேன்.

அங்கேதான் கெட்டது. பழந்துணி என்று தெளிவாகத்தான் கேட்டேன். வெளிநாட்டுக்குப் போகிறது என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொன்னதுதான் தப்பு. உடனே பீரோ திறக்கிற சத்தம். வெளியே வரும்போது கையில் ரவிக்கைத் துணி. கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று ஒவ்வொரு விசேஷத்திலும் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுப்பார்களே, யாரும் தைத்துப் போடாமல் வீடு வீடாகச் சுற்றிக்கொண்டே இருக்குமே, அதே துணி. "சீமைக்குப் போறதுக்குக் கந்தலையா குடுப்பாங்க? அங்கிருக்கிறவங்க எங்க ஊட்டப் பத்தி என்ன நெனைப்பாங்க?" என்று வாத்தியார் வீட்டு அம்மா என்னையே கோபித்துக்கொண்டார். மாலையில் பையைக் கொட்டினால் மொடமொடவென்று அத்தனையும் புதுசு. அதில் ஒரு ரோஸ் கலர் துணியைப் பார்த்ததும் உன் அண்ணிக்கு மூச்சு நின்றுவிட்டது. ஆடியில் அவளே யாருக்கோ வைத்துக் கொடுத்தது, மூலையில் அவள் வைத்த மஞ்சளோடு திரும்பி வந்திருக்கிறது.

"கந்தல் கேட்டு வாங்கக்கூடத் துப்பில்லாத மனுசன இப்பத்தானுங்க பாக்கறேன்" என்றாள். நாளைக்கு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி கேட்கப் போகிறேன்.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். தைத்தாலும் அனுப்ப மாட்டேன். கடையில் என் கண்பார்வையிலேயே இருக்கும். நீயாகக் கேட்டாலொழிய அது வாசல் தாண்டாது. வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் உத்தரவை முக்கால்வாசி மதிக்கும் அண்ணன்
செங்கோடன்


மல்லசமுத்திரம்,
கார்த்திகை, தீபத்துக்கு மறுநாள்.

அன்புத் தங்கை மலர்விழிக்கு,

போன கடிதத்துக்குத் திட்டு வரும் என்று எதிர்பார்த்துப் போன் மணி அடிக்கும்போதெல்லாம் உன் அண்ணியிடம் நீட்டிக்கொண்டிருந்தேன். திட்டு வரவில்லை. நீ படித்தாயா, படிக்காமல் கிழித்துவிட்டாயா என்றும் தெரியவில்லை. கிழித்திருந்தாலும் பரவாயில்லை, இதையும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் எனக்குத்தான் தூக்கம் வராது. நான் பார்த்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும். இந்த ஊரில் எல்லாரும் அதில் சம்பந்தப்பட்டவர்களாக இருக்கிறார்கள்.

இரண்டாவது தடவை போனபோது மழுப்ப முடியவில்லை. ரவிக்கைத் துணியைத் திருப்பிக் கொடுத்தால் ஏன் என்று கேட்பார்களா இல்லையா? வாசலில் நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. என் தங்கைக்கு இரண்டு தங்கவில்லை, இது தங்க வேண்டும், அதனால் உங்கள் உடம்பில் கிடந்த துணி வேண்டும் என்று. நான் எதையும் சிரிப்புக் காட்டாமல் சொல்லிப் பழகாதவன். முதல் வீடு வாத்தியார் வீடு. நான் சொல்லி முடித்ததும் அந்த அம்மா உள்ளே போனார். இந்தத் தடவை பீரோ சத்தம் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, கட்டியிருந்த சேலையை மாற்றிக்கொண்டு வந்தார். மாற்றிய சேலை கையில் இருந்தது. "இதாங்க இருக்கறதுலயே மெத்துன்னு இருக்கும். வேண்டிய அளவு கத்தரிச்சுக்குங்க" என்றார். அம்மிணி, நான் வெட்டவில்லை. அவரையே வெட்டித் தரச் சொன்னேன். எனக்குக் கை வரவில்லை.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். துணி கேட்டவனுக்கு மனுசர்கள் எதையோ தேடி எடுத்துக்கொண்டு வந்தார்கள். நம் அம்மாவின் சேலை அதில் இருக்கும் என்று தேடாதே. அம்மா உடுத்தியது எல்லாம் அப்போதே நைந்து கரித்துணியாகிவிட்டது, ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் கசாப்புக்கடைக்காரர் கொடுத்திருக்கிறார், போஸ்ட்மேன் கொடுத்திருக்கிறார். கோயில் பூசாரி தன் வெள்ளை வேட்டியில் பாதியைக் கொடுத்தார். நீ நர்சு, கிருமி என்பாய் என்று பயந்து உன் அண்ணி எல்லாவற்றையும் அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்தாள். அதில் எவனோ கொடுத்த சிவப்புக் கைலி சாயம் விட்டு, வேட்டி இளஞ்சிவப்பாகிவிட்டது. பயந்துகொண்டே பூசாரியிடம் சொன்னேன். "அம்மனே வந்து தொட்டுட்டாளாட்டருக்குது, உட்டுத் தள்ளுங்க" என்றார்.

லாரி டிரைவர் அம்மாசியை உனக்கு ஞாபகம் இருக்கும். என்னோடு படித்தவன், கௌகாத்தி வரைக்கும் லோடு அடிப்பவன். அவனுக்கு ஒரு காக்கிச் சட்டை உண்டு. அதைப் போட்டுக்கொண்டு ஓட்டிய எந்த வண்டியும் சாய்ந்ததில்லை என்பது அவன் கணக்கு. அவன் பெண்டாட்டி அதை அடுப்புத் துடைக்க எடுத்து, அவன் பிடுங்கி, அதனால் அந்த வீட்டில் நடந்த சண்டைகள் ஊருக்கே தெரியும். அவனிடம் நான் சட்டையைக் கேட்கவே இல்லை, ஒரு துண்டுதான் கேட்டேன். அவன் லாரிக் கேபினிலிருந்து அதை எடுத்து வந்து முதுகுப் பக்கத்தை முழுசாக வெட்டிக் கையில் வைத்தான். "ஏன்டா, இனி வண்டி ஓட்ட வேண்டாமா?" என்றேன். "மெதுவா ஓட்டிக்கிறேன் மாப்ள. அது வரட்டும்" என்றான். இப்போது அவன் சேலம் ரோட்டில் மாட்டுவண்டிக்குப் பின்னாலேயே போவதாகப் புகார் வந்திருக்கிறது.

இனி சொல்லப்போவதைத்தான் நீ நம்ப மாட்டாய். நான் சென்னியம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. எப்படிப் போவது? சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அந்த அம்மா, நம் முருங்கைக் கிளை அவர்கள் கோழிக் கொட்டகை மேல் சாய்ந்ததிலிருந்து நம்மோடு பேச்சு வைத்துக்கொள்வதில்லை. ஒரு கொத்துக் கறிவேப்பிலை சுவர் தாண்டிப் போனதில்லை, வந்ததில்லை. போன புதன்கிழமை மத்தியானம் அவரே கடைக்கு வந்து நின்றார். லாரிக்காரர்கள் எல்லாம் விலகிக்கொண்டார்கள். அந்த அம்மா வந்தால் யாரும் விலகத்தான் செய்வார்கள்.

"ஏஞ் சாமி, ஊரெல்லாம் கேட்டயாமா. என்ற ஊடு மட்டும் உனக்கு ஊடாத் தெரியலயா?" என்றார்.

இடுப்பில் வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்தார். பழைய நூல் சேலை. நடுவில் கயிறு கட்டித் தேய்ந்த தடம். அவருடைய பையன்கள் மூன்று பேரையும் தொட்டில் கட்டி ஆட்டிய சேலை அது. "இதுல ஆடுனது அத்தனையும் எந்திரிச்சு நடந்துது" என்றார். தார்ப்பாய் வெட்டுகிற என் கத்தரியைத் தானே எடுத்து, சரிபாதியாக வெட்டினார். பெரிய கத்தரி அது, பழகாதவர்களுக்குப் பிடிபடாது. அவருக்குப் பிடிபட்டது. பாதியை மடித்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். "இது என்ற சின்னவன் கண்ணாலத்துக்கப்பறம் எனக்கு வேணும். அது உங்களுக்கு. இதைப் போட்டுத் தைச்சாத் தங்கும்னு சொல்ல வல்ல சாமி. எனக்கு ஒண்ணும் தெரியாது. எங்கூட்டுது இல்லாம அது முடியக் கூடாது, அவ்வளவுதான்."

வாசல் வரைக்கும் போனவர் திரும்பிப் பார்த்து, "முருங்கைக் கெளைய வெட்டறதுல ஒண்ணும் மாத்தமில்ல, பாத்துக்க" என்றார். போய்விட்டார்.

இந்த ஊரில் ஒவ்வொருவரைப் பற்றியும் நாலு கதை சொல்லத் தெரிந்தவன் நான். அந்த அம்மாவைப் பற்றி மட்டும் பத்துச் சொல்வேன். அன்றைக்கு அந்தப் பத்தில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

நேற்று எது எதற்குப் பக்கத்தில் வருவது என்று பார்ப்பதற்காக எல்லாத் துண்டுகளையும் கடைத் தரையில் பரப்பி வைத்தேன். தார்ப்பாய் விரிக்கிற தரை அது. அதில் செருப்போடு நடப்பார்கள், உட்கார்ந்து பீடி பிடிப்பார்கள், நானே மிதித்துக்கொண்டுதான் தைப்பேன். பரப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் வாசற்படிக்குக் கீழே வரிசையாகச் செருப்புகள். உள்ளே டிரைவர்கள் வெறுங்காலோடு ஓரமாக, சுவரை ஒட்டி ஒட்டி நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் குந்தி உட்கார்ந்து, "இது எங்கக்கா சீலையாட்டருக்குதே" என்று விரலால் தொடாமல் காட்டிக்கொண்டிருந்தான். "என்னப்பா, கோயிலா இது? செருப்பெல்லாம் வெளியில கெடக்குது" என்றேன். பெயர் தெரியாத ஒரு கிளீனர்தான் பதில் சொன்னான். "தெரியலீங்ணா. போட்டுக்கிட்டு வர மனசு வல்ல."

அவர்கள் போன பிறகு நானும் அப்படியே நின்றேன். ஷட்டர் வழியாக வெயில் வந்து துணிகளின் மேல் விழுந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் தேய்ந்திருந்தது அம்மிணி. துண்டு என்றால் தோளில் கிடந்த இடம். சேலை என்றால் குடம் உட்கார்ந்த இடுப்பு. அம்மாசி சட்டையில் சீட்டில் சாய்ந்த முதுகு. கைலியில் முழங்கால். நல்ல பக்கத்தைக் கொடுக்கத்தான் எல்லாரும் பார்த்தார்கள், நான்தான் மெத்தென்று இருக்கிற பக்கம் போதும் என்றேன். அந்தப் பக்கம் மெத்தென்று ஆவதற்கு அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது முழுசாக அந்தத் தரையில் கிடந்தது. பிறந்ததிலிருந்து இதே ஊரில்தான் இருக்கிறேன். இத்தனை பேரை ஒரே இடத்தில் நான் பார்த்ததே இல்லை.

இதற்கு மேல் எழுதினால் வேறு மாதிரி ஆகிவிடும். உடம்பைப் பார்த்துக்கொள். கால் வீங்கினால் தூக்கி வைத்து உட்கார். இதை நான் கேட்கவில்லை, சும்மா சொல்கிறேன்.

இப்படிக்கு,
வாயடைத்துப் போயிருக்கும் அண்ணன்
(உன் அண்ணி இதைக் கொண்டாடுகிறாள்)
செங்கோடன்


மல்லசமுத்திரம்,
மார்கழி, பனி பெய்கிற காலை.

அன்புத் தங்கை மலர்விழிக்கு,

போன வாரம் மாப்பிள்ளை அவராகவே கூப்பிட்டார். அவராகக் கூப்பிட்டால் என்ன செய்தியாக இருக்கும் என்று எங்களுக்குப் பயம், உனக்குத் தெரியாதது இல்லை. நான் ஹலோ சொல்வதற்குள் அவரே முந்திக்கொண்டார். "ஒண்ணும் இல்லீங்க மச்சான், நல்லாத்தான் இருக்காங்க. ரெண்டு லெட்டரும் தலகாணிக்கு அடியில கெடக்குது. அதப் பத்தி ஒண்ணும் பேசல. நேத்து மட்டும், அந்தச் சென்னியம்மாக்கா சீலை என்ன கலருன்னு கேட்டாங்க" என்றார்.

இலைப்பச்சை, மஞ்சள் கரை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்தவன் எழுந்திருக்கவில்லை. உன் அண்ணி பயந்துபோய் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். "என்னாச்சுங்க? ஏனுங்க, சொல்லுங்க" என்றாள். "கலர் கேட்டுதாம்" என்றேன். அவளும் கரண்டியோடு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் ரசம் பொங்கி அணைந்த சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. யாரும் எழுந்து போகவில்லை.

கலர் கேட்டது போர்வையைக் கேட்டதாகுமா, ஆகாதா என்று பிறகு வீட்டில் பெரிய வழக்கு நடந்தது. நீயாகக் கேட்டாலொழிய வாசல் தாண்டாது என்று எழுதிக்கொடுத்தவன் நானாயிற்றே. ஆகாது என்றேன் நான். ஆகும் என்றாள் உன் அண்ணி. விடுமுறையில் வீட்டில் இருக்கிற யுவஸ்ரீ, "வேண்டாங்கறவங்க கலர் கேப்பாங்களாப்பா?" என்று கேட்டு வழக்கை முடித்துவைத்தாள்.

தையலைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் தார்ப்பாய் மிஷினில்தான் போட்டேன். அந்த ஊசி பூசாரி வேட்டியைப் புலி பிறாண்டியது போல் ஆக்கிவிட்டது. அதன் பிறகு கைத்தையல்தான். உள்ளே உன் அண்ணியின் பழைய நூல் சேலைகளை அடுக்கு அடுக்காக வைத்து, சுற்றிலும் மடித்து மடித்து, மழை உள்ளே இறங்காத எங்கள் கடைத் தையல் போட்டிருக்கிறேன். வேறு தையல் எனக்குத் தெரியாது. என் விரல்கள் இப்போது சல்லடை மாதிரி இருக்கின்றன, ரவை சலிக்கலாம்.

பார்க்க வந்தவர்கள் தொல்லை தனி. கல்யாணப் பந்தியில் யாருக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்று பார்ப்பார்களே, அதே கதை. "எங்கூட்டுத் துணிய அவங்கூட்டுதுக்குப் பக்கத்துல வெக்காதீங்க" என்று ஆள் மாற்றி ஆள் காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாருக்கும் தலையாட்டினேன். துணி எங்கே பொருந்துகிறதோ அங்கே தைத்தேன். பிரிக்க வேண்டும் என்றால் இனி கத்தியால்தான் முடியும். உன் அண்ணி சேலையில் வெட்டிய நம் வீட்டுத் துண்டு சென்னியம்மாள் சேலைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கிளையையும் வெட்டிவிட்டேன்.

லோடு ஏற்ற நின்ற ஒரு டிரைவர் கேலி பேசினான். "என்னங்ணா, தார்ப்பாய் சிறுசா இருக்குது? எந்த வண்டிக்கு?" என்றான். வண்டி இன்னும் வரவில்லை என்றேன். "எப்ப வருதுங்?" என்றான். தையில் என்றேன். பிறகு டிரம்மில் கை கழுவிவிட்டு வந்து, நான் மடிப்புத் தைக்கத் தைக்கத் துணியின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டான். வண்டி புறப்படுகிற வரைக்கும் பிடித்துக்கொண்டுதான் இருந்தான்.

இனி என் வண்டவாளத்துக்கு வருகிறேன். தார்ப்பாய்த் தொழிலில் ஒரு பழக்கம். வண்டி எவ்வளவோ அவ்வளவுக்கு வெட்டக் கூடாது, நாலு பக்கமும் தாராளமாகத் தொங்கல் விட வேண்டும். கை தன்னாலே விட்டுவிடும். அதற்கு மேல், தைக்கத் தைக்க யாராவது இன்னொரு துண்டோடு வந்து நின்றார்கள். ஊர் முழுக்க வாங்கிவிட்டு அவர்களை மட்டும் எப்படித் திருப்பி அனுப்புவது? அதையும் சேர்த்து, அதற்கும் தொங்கல் விட்டேன். முடித்துக் கட்டிலில் விரித்தால் நாலு பக்கமும் தரையைத் தொடுகிறது. மூலையில் கயிறு கோக்கப் பித்தளை வளையம் வேறு அடித்து வைத்திருந்தேன், எப்போது அடித்தேன் என்றே தெரியவில்லை.

உன் அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "ஏனுங்க, பொறக்கப் போறது புள்ளைங்களா, பத்து வீல் லாரிங்களா?" என்றாள்.

சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். இந்த வீட்டில் இத்தனை மாதமாக யாரும் சொல்லாத சொல் அது. தெருவில் போகிற பால்காரர் சைக்கிள் மணிகூட நின்றுவிட்டது மாதிரி இருந்தது. ஒன்றும் ஆகவில்லை அம்மிணி. கூரை அப்படியே இருந்தது. யுவஸ்ரீதான் முதலில் சிரித்தாள். பிறகு உன் அண்ணி. நான் சிரித்தேனா என்ன செய்தேன் என்று அவர்கள் இரண்டு பேரையும் கேட்டுக்கொள்.

சின்னதாக்கிவிடலாம் என்று கத்தரியை எடுத்தேன். யாரை வெட்டுவது? வாத்தியார் வீட்டு அம்மாவையா, பூசாரியையா, போஸ்ட்மேனையா, கடைசியாக வந்தவர்களையா? கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். யுவஸ்ரீ விளையாட்டாக அதை எடுத்துத் தோளோடு சுற்றிக்கொண்டாள். கழுத்திலிருந்து கால் வரைக்கும் அவள் காணாமல் போய்விட்டாள், முகம் மட்டும் வெளியே தெரிந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அளவு தப்பவில்லை. ஆளைத்தான் நான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகையால் இந்தப் பார்சலை அனுப்புகிறேன். நீ போட்ட தடை பிள்ளைக்கு அனுப்பக் கூடாது என்பதுதானே? இது பிள்ளை அளவில் இல்லை. இது உனக்கு. உன் அளவுதான், நாலு பக்கமும் தொங்கல் விட்டு. வளையங்களைக் கழற்றிவிட்டு ஓட்டைகளை மூடித் தைத்துவிட்டேன், கையால் தடவினால் தெரியும்.

நீ ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்குப் போர்த்திவிட்டிருப்பாய். அந்தக் குளிரில், பெட்டி வந்து இறங்கிய அந்த வாரத்தில், உனக்கு யார் போர்த்திவிட்டார்கள் என்று இங்கே யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளை இருந்தார், அது தெரியும். ஆனாலும் உனக்கென்று இங்கிருந்து ஒரு துணி வரவில்லை. எல்லாரும் பிள்ளைக்குத்தான் அனுப்பினோம்.

தை வரும். தையில் என்ன என்று நான் எழுதப் போவதில்லை. எப்படி இருந்தாலும், இதைத் தூக்கிக்கொண்டு போய் வேறு எங்கேயும் வைத்துவிட்டு வர வேண்டிய நாள் உனக்கு வராது. நீ இருக்கிற வரைக்கும் இதற்கு வேலை இருக்கிறது. கால் வெளியே தெரியாமல் இழுத்துப் போர்த்திக்கொள். நீ உள்ளே போனால் உன்னோடு இருப்பதெல்லாம் உள்ளேதான் இருக்கும். அதை நான் எழுதவில்லை, நீயும் படிக்கவில்லை.

ஊரே அதில் இருக்கிறது, நெரிசலாகத்தான் இருக்கும். நகர்ந்து இடம் கொடுப்பார்கள். தூங்கு சாமி. இந்தத் தடவை மாப்பிள்ளை போனில் சொல்வது நிஜமாக இருக்கட்டும்.

உன் அண்ணன்,
செங்கோடன்